பெல்வா டேவிஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தி பற்றிப் பேச்சு வந்தாலே நான் பெல்வா டேவிஸ் பெயரை எடுத்துவிடுவேன். உடனே "யாருங்க அது?" என்பதில் தொடங்கி வரிசையாகக் கேள்விகள் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

யார் இந்த பெல்வா டேவிஸ்?

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் தொலைக்காட்சி நிருபராக வேலைக்குச் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண். 1966-ல் சான் பிரான்சிஸ்கோவின் கேபிஐஎக்ஸ் தொலைக்காட்சியில் சேர்ந்தார், 2012-ல் ஓய்வு பெற்றார். நடுவில் நிலையங்கள் மாறினாலும் ஊர் மாறவில்லை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இரண்டு தலைமுறை மக்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் செய்தி தெரிந்துகொண்டார்கள். 2025 செப்டம்பர் 24 அன்று 92 வயதில் காலமானார்.

"முதல்" என்றால் நாட்டுக்கே முதலா?

இல்லை, மேற்குக் கடற்கரைக்கு முதல். இதை நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள், காரணமும் இருக்கிறது. அங்கே நாடு முழுக்கத் தெரிகிற பெரிய நெட்வொர்க்குகள் தனி, ஒவ்வொரு ஊரிலும் அவற்றோடு இணைந்தோ தனியாகவோ நடக்கிற உள்ளூர் நிலையங்கள் தனி. அதனால் நியூயார்க்கில் ஒரு முதல், சிகாகோவில் ஒரு முதல், நெட்வொர்க்கில் ஒரு முதல் என்று பல பேர் இருக்கிறார்கள், எல்லாமே உண்மைதான்.

அப்படிச் சொல்லப்படுகிற கறுப்பினப் பெண்களில் மெல்பா டாலிவர் என்று ஒருவர். செவிலியராக இருந்து, பிறகு ஏபிசி என்ற பெரிய நெட்வொர்க்கின் அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தவர். 1967-ல் ஒளிபரப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது ஆள் இல்லாமல் அவரைச் செய்தி வாசிக்க உட்கார வைத்தார்கள். கேரோல் சிம்ப்சன் 1988-ல் ஏபிசியின் வார இறுதிச் செய்திக்குப் பொறுப்பேற்றார், 1992-ல் அதிபர் வேட்பாளர்கள் விவாதத்தையும் அவர்தான் நடத்தினார். பிரிட்டனில் பார்பரா பிளேக் ஹன்னா 1968-லேயே திரையில் வந்துவிட்டார்.

"முதல்" என்பது ஒரு நாள் செய்தி. அந்த முதல் நாளுக்குப் பிறகு 46 வருடம் ஒருவர் அந்த நாற்காலியில் எப்படி நிலைத்தார் என்பதுதான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது.

எங்கே பிறந்தார், என்ன படித்தார்?

1932 அக்டோபரில் லூசியானா மாநிலத்தின் மன்ரோ ஊரில். பெற்றோர் வைத்த பெயர் பெல்வாஜீன் மெல்டன். அம்மா சலவை வேலை, அப்பா மர அறுவை ஆலையில் வேலை. தெற்கு மாநிலங்களில் இன ஒதுக்கல் சட்டமாகவே இருந்த காலம் அது. குழந்தையாக இருந்தபோதே உறவினர் வீடு மாற்றி உறவினர் வீடு என்று வளர்ந்தவர்.

எட்டு வயது வாக்கில் குடும்பம் கலிஃபோர்னியாவின் மேற்கு ஓக்லண்டுக்கு வந்தது. தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் அப்படித்தான் கிளம்பி வந்தன, போர்க்காலக் கப்பல் கட்டும் தளங்களில் ஆள் தேவைப்பட்டது. சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து இரண்டு படுக்கையறை வீட்டில் 11 பேர். (ஓக்லண்ட் என்றதும் நம் ஆட்களுக்கு கமலா ஹாரிஸ் நினைவுக்கு வருவார், அவர் பிறந்ததும் அதே ஊர்தான், ஆனால் அது 1964-ல்.)

1951-ல் பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்தார். அவர் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் அவர்தான். சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. கட்டணம் கட்டப் பணம் இல்லை, போகவில்லை. ஓக்லண்டில் கடற்படையின் சரக்கு மையத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார், சம்பளம் வருடத்துக்கு 2,000 டாலர்.

இதழியல் பட்டம் வாங்காதவர் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இதழியல் மட்டுமில்லை, எந்தக் கல்லூரிக்கும் போகாமல்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார்.

அப்படியென்றால் எழுத்துக்கு எப்படி வந்தார்?

கறுப்பினப் பத்திரிகைகள் வழியாக. 1957-ல் ஜெட் என்ற வார இதழுக்குப் பகுதி நேரமாகச் செய்தி அனுப்பத் தொடங்கினார். ஒரு செய்திக்கு 5 டாலர், பெயர் போட மாட்டார்கள். அப்புறம் பே ஏரியா இண்டிபெண்டன்ட், சன் ரிப்போர்ட்டர் போன்ற உள்ளூர் கறுப்பின வாரப் பத்திரிகைகள். வெள்ளையர் நடத்தும் பெரிய நாளிதழ்களில் கறுப்பினத்தவருக்குத் திருமணச் செய்தி கிடையாது, பட்டமளிப்பு கிடையாது, இரங்கல் குறிப்பு கிடையாது. காவல் நிலையச் செய்தியில் மட்டும் இடம் உண்டு. அதனால் இந்தச் சின்னப் பத்திரிகைகளில் தேவாலய விருந்திலிருந்து தேர்தல் வரை எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுத வேண்டும். பெல்வாவுக்கு அதுதான் கல்லூரி என்று எனக்குத் தோன்றும்.

பத்திரிகையிலிருந்து வானொலி. கேஎஸ்ஏஎன் நிலையத்தில் செய்தித்தாள் துணுக்குகளைப் படிப்பது, பிறகு கேடிஐஏ நிலையத்தில் பாட்டும் நேர்காணலுமாகச் சொந்த நிகழ்ச்சி. கறுப்பினப் பெண்களுக்கான ஒரு அழகுப் போட்டியைத் தொகுத்து வழங்கியபடி 1963-ல் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் முகம் காட்டினார். வழக்கமான போட்டிகளில் அந்தப் பெண்களுக்கு இடமே இல்லாததால் தனியாக நடத்திக்கொண்ட போட்டி அது.

1964 மாநாட்டில் அவரை விரட்டியடித்தார்களாமே, உண்மையா?

உண்மை. அவருடைய நினைவுக் குறிப்பு நூல் இந்தச் சம்பவத்தில்தான் தொடங்குகிறது, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1964 ஜூலையில் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய கௌ பேலஸ் அரங்கில் நடந்தது. மாட்டுக் கண்காட்சிக்காகக் கட்டின இடம், பெயரே அப்படித்தான். அந்த மாதம் 2-ம் தேதிதான், இன ஒதுக்கலைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை எதிர்த்து செனட்டில் வாக்களித்த பாரி கோல்ட்வாட்டரைத்தான் அடுத்த அதிபர் வேட்பாளராக நிறுத்தப் போகிறார்கள். அரங்கத்தின் சூடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெல்வாவும் கேடிஐஏ செய்தி இயக்குநர் லூயிஸ் ஃப்ரீமனும் போனார்கள். அவர்களுடைய சின்ன வானொலிக்குச் செய்தியாளர் அனுமதி கிடைக்கவில்லை. பார்வையாளர் சீட்டு எப்படியோ கிடைத்தது, கூரைக்குப் பக்கத்தில் உச்சி இருக்கை, மடியில் ஒலிப்பதிவுக் கருவி. முன்னாள் அதிபர் ஐசன்ஹோவர் பேசும்போது, பரபரப்புத் தேடி அலைகிற பத்திரிகையாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை விட்டார். கூட்டம் எழுந்து நின்று செய்தியாளர்கள் பக்கம் முஷ்டியை ஆட்டிக் கத்தியது. அதே இரவில் சொந்தக் கட்சி ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லரையே பேசவிடாமல் கூச்சல் போட்டார்கள்.

அப்போதுதான் மேலே உட்கார்ந்திருந்த இந்த இரண்டு கறுப்பு முகங்கள் சிலர் கண்ணில் பட்டன. முதலில் ஏச்சு. இருவரும் கருவிகளைச் சுருட்டிக்கொண்டு சரிவில் இறங்கத் தொடங்கினார்கள். மேலிருந்து கசக்கிய மாநாட்டுத் தாள்கள், கடுகுச் சாறு வழிகிற ஹாட் டாக், பாதி தின்ற சாக்லேட் எல்லாம் வந்து விழுந்தன. ஒரு கண்ணாடி சோடா பாட்டில் தலையை உரசுகிற தூரத்தில் பறந்து வந்து கான்கிரீட்டில் மோதிச் சிதறியது. பெல்வாவுக்கு உதடு நடுங்கியது. பக்கத்தில் நடந்த ஃப்ரீமன் திரும்பாமலே சொன்னார்: "பெல்வா, நீ மட்டும் அழுதே, காலை உடைச்சிடுவேன்."

அழவில்லை. கார் நிறுத்துமிடம் வரை நடந்து போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த மாநாட்டுக்குப் போன இன்னொரு ஆள் புகழ்பெற்ற கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன். அவரே குடியரசுக் கட்சி அனுதாபி. ஹிட்லரின் ஜெர்மனியில் ஒரு யூதனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது என்று பிறகு எழுதினார். அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படி. பெல்வாவுக்கு அப்போது பெயரும் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது. அந்த இரவுக்குப் பிறகுதான், வெளியே நின்று பார்க்கிற ஆளாக இல்லாமல் பெரிய செய்திகளைச் சொல்கிற இடத்துக்கே போய்விட வேண்டும் என்ற உறுதி தனக்கு வந்தது என்கிறார்.

தொலைக்காட்சியில் வேலை எப்படிக் கிடைத்தது?

லேசில் கிடைக்கவில்லை. வேலை கேட்டுப் போன ஓரிடத்தில் "நாங்கள் நீக்ரோப் பெண்களை எடுப்பதில்லை" என்று நேராகவே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

1966-ல் கேபிஐஎக்ஸில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த நான்சி ரெனால்ட்ஸ், கலிஃபோர்னியா ஆளுநராக வென்ற ரொனால்ட் ரேகனிடம் வேலைக்குப் போய்விட்டார். அந்த இடம் காலியானது, பெல்வா வந்தார். திரையில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று நிலையம் முன்பே முடிவு செய்திருந்தது, அந்தப் பெண் கறுப்பாக இருக்கலாம் என்ற முடிவு அன்றுதான் வந்தது. இரண்டு குழந்தைகளுக்குத் தாய், வயது 34.

இதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான், அமெரிக்க நகரங்களின் கறுப்பினப் பகுதிகளில் நடந்த 1967 கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம், கறுப்பினத்தவரை வேலைக்கு எடுப்பதில் பத்திரிகைத் துறை அதிர்ச்சி தரும் அளவுக்குப் பின்தங்கியிருக்கிறது என்று 1968 அறிக்கையில் சொன்னது. அதற்குப் பிறகு கதவுகள் கொஞ்சம் திறந்தன. பெல்வா அதற்கு முன்பே உள்ளே போய்விட்டவர், உள்ளே போனபோது முன்மாதிரி என்று காட்ட அங்கே யாரும் இல்லை.

அந்தக் காலத்தில் தொலைக்காட்சி நிருபர் வேலை எப்படி இருந்தது?

இன்றைக்குக் கையில் இருக்கிற போனிலேயே நேரலை போய்விடுகிறது. அன்று 16 மில்லிமீட்டர் ஃபிலிம். எடுத்த சுருளை நிலையத்துக்குக் கொண்டுபோய், வேதிக் குளியலில் போட்டுக் கழுவி, காயவைத்து, வெட்டி ஒட்டி, மாலைச் செய்திக்குள் ஏற்ற வேண்டும். மதியத்துக்கு மேல் நடந்தது எதுவாக இருந்தாலும் கடிகாரத்தோடு ஓட்டப்பந்தயம்தான். இரண்டாவது முறை எடுக்கலாம் என்றால் ஃபிலிம் வீண், பேட்டி கொடுத்தவரும் போயிருப்பார். கேட்க வேண்டியதை முதல் தடவையே சரியாகக் கேட்டாக வேண்டும்.

ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர் எல்லாம் கூடவே வருவார்கள், எல்லோரும் ஆண்கள், ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். அவர்கள் மனசு வைத்தால்தான் நிருபருக்குப் படம். இது வெளியே தெரியாத அதிகாரம், இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு நன்றாகப் புரியும்.

என்னென்ன செய்திகளைச் சொன்னார்?

அவர் இருந்த ஊரை நினைத்துப் பாருங்கள். பெர்க்லியில் வியட்நாம் போருக்கு எதிரான மாணவர் போராட்டங்கள், கண்ணீர்ப் புகை. 1966 அக்டோபரில், அவர் வேலைக்குச் சேர்ந்த அதே வருடம், அவர் வளர்ந்த ஓக்லண்டிலேயே ஹியூயி நியூட்டனும் பாபி சீலும், கறுப்பினத்தவர் உரிமைக்காக ஆயுதம் ஏந்தி நின்ற பிளாக் பாந்தர் கட்சியைத் தொடங்குகிறார்கள். மற்ற நிருபர்களுக்குத் துப்பாக்கியும் தோல் ஜாக்கெட்டும்தான் தெரிந்தன. இவருக்கு அந்தத் தெரு, அந்தக் குடும்பங்கள், அந்தத் தேவாலயங்கள் எல்லாம் தெரியும். பாந்தர்கள் 1969-ல் ஓக்லண்டில் ஒரு தேவாலயத்தில் தொடங்கிய இலவசக் காலை உணவுக்குக் குழந்தைகள் ஏன் வந்தார்கள் என்பதை, 11 பேர் இருந்த வீட்டில் வளர்ந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1978 நவம்பரை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. 18-ம் தேதி, கயானாவின் ஜோன்ஸ்டவுனில் ஜிம் ஜோன்ஸ் என்ற போதகரின் பேச்சுக்குக் கட்டுப்பட்டும் கட்டாயத்தாலும் 900-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சபையின் தலைமையிடமாக இருந்தது சான் பிரான்சிஸ்கோ. இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், அதிலும் நிறையப் பேர் வயதான பெண்களும் குழந்தைகளும். உள்ளூர் நிருபருக்கு அது எங்கோ ஒரு தென் அமெரிக்கக் காட்டில் நடந்த செய்தி கிடையாது, பக்கத்துத் தெருக்காரர்களின் சாவு. அழுது ஓய்வதற்குள், 27-ம் தேதி, நகர மன்றத்திலேயே மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கையும், முன்னாள் உறுப்பினர் டேன் வொயிட் சுட்டுக் கொன்றார். பெல்வா அப்போது கேக்யூஇடி பொதுத் தொலைக்காட்சியில் இருந்தார். ஒன்பது நாளில் இரண்டு பேரிடி விழுந்த ஊருக்கு, முகம் தெரிந்த ஒருவர் நிதானமாக உட்கார்ந்து நடந்ததைச் சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இப்படிப்பட்ட நாட்களில்தான் தெரியும்.

அப்புறம் எய்ட்ஸ். 80-களில் அந்த நோய் மிக மோசமாகத் தாக்கிய ஊர்களில் ஒன்று சான் பிரான்சிஸ்கோ. 1998-ல் கென்யாவிலும் தான்சானியாவிலும் அமெரிக்கத் தூதரகங்களில் குண்டு வெடித்தபோது ஆப்பிரிக்காவிலிருந்து செய்தி கொடுத்தார், அப்போது அவருக்கு 65 வயது. ஃபிடல் காஸ்ட்ரோவைப் பேட்டி எடுத்ததும் உண்டு.

கறுப்பினத்தவர் செய்திகளுக்கு மட்டும்தான் அனுப்பினார்களா?

மேலே உள்ள பட்டியலைப் பார்த்தாலே தெரியும், இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் வேலைக்கு எடுக்கப்பட்ட பல கறுப்பின நிருபர்களைக் கலவரம் நடக்கிற பகுதிகளுக்கு அனுப்பவே எடுத்தார்கள், வெள்ளை நிருபர் உள்ளே போக முடியாது என்பதால். ஊர் அமைதியானதும் அவர்களுக்கு வேலையும் குறைந்தது.

பெல்வா இரண்டையும் விடவில்லை. நகர அரசியலைக் கரைத்துக் குடித்தார். கூடவே கேபிஐஎக்ஸில் 'ஆல் டுகெதர் நௌ' நிகழ்ச்சியை நடத்தினார். கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர் என்று அந்தப் பகுதியின் பல சமூகங்களைப் பற்றி முக்கிய நேரத்தில் வந்த நிகழ்ச்சி அது, நாட்டிலேயே அந்த வகையில் ஆரம்பமானவற்றில் ஒன்று. குற்றச் செய்தியில் மட்டும் வந்துபோன மக்கள் தங்கள் வீட்டிலும் கடையிலும் தேவாலயத்திலும் சாதாரணமாகத் திரையில் தெரிந்தார்கள். விருதுகள் எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஜெட் இதழுக்கு 5 டாலருக்கு எழுதின அதே செய்திகளை, இப்போது ஊரே பார்க்கிற திரைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எந்தெந்த நிலையங்களில் வேலை பார்த்தார்?

கேபிஐஎக்ஸ் 1966 முதல் 1977 வரை. கேக்யூஇடி 1981 வரை. அடுத்து கேஆர்ஓஎன், 1999 வரை. நடுவிலேயே, 1993-ல், கேக்யூஇடியில் 'திஸ் வீக் இன் நார்தர்ன் கலிஃபோர்னியா' என்ற வாராந்திர அரசியல் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டார், அது 2012 வரை போனது. தொலைக்காட்சிக்கான வட்டார எமி விருதுகள் எட்டு வாங்கினார்.

குடும்பம்?

முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், அது முறிந்தது. பிறகு பில் மூரை மணந்தார். அமெரிக்காவின் ஆரம்பகாலக் கறுப்பினத் தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். மேலே ஒளிப்பதிவாளரின் அதிகாரம் பற்றிச் சொன்னேனே, வீட்டில் அதே வேலையைப் பார்க்கிற துணை இருந்தது எவ்வளவு பெரிய பலம் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுராத்திரி போன் வந்தால் ஏன் கிளம்புகிறாய் என்று கேட்காத வீடு.

தான் மட்டும் முன்னேறினாரா, மற்றவர்களுக்கும் ஏதாவது செய்தாரா?

செய்தார், அதுவும் கூட்டம் போட்டுப் பேசுவதோடு நிறுத்தாமல் தொழிற்சங்கத்துக்குள் இருந்து செய்தார். ஒளிபரப்புக் கலைஞர்கள் சங்கமான ஆஃப்ட்ராவில் சான் பிரான்சிஸ்கோ கிளைக்குத் தலைவராக இருந்தார், சம வேலைவாய்ப்புக்கான தேசியக் குழுவையும் பல வருடம் வழிநடத்தினார். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, யாரை எடுக்கிறார்கள், யாரை எடுக்கவில்லை என்று நிர்வாகத்தோடு மேசையில் உட்கார்ந்து கேட்கிற வேலை. பலருக்கு இது சலிப்பான வேலை, ஆனால் அடுத்து வந்த பெண்களுக்குச் சம்பளமும் இடமும் வந்தது இப்படிப்பட்ட மேசைகளிலிருந்துதான். 2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் திறந்த ஆப்பிரிக்கப் புலம்பெயர்ந்தோர் அருங்காட்சியகம் உருவாவதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

கடைசி நிகழ்ச்சியில் யாரைப் பேட்டி எடுத்தார்?

கறுப்பினக் கவிஞரும் எழுத்தாளருமான மாயா ஏஞ்சலோவை. 2012 நவம்பர். அப்போது பெல்வாவுக்கு 80 வயது, ஏஞ்சலோவுக்கு 84. இருவரும் தெற்கின் சின்ன ஊர்களில் உறவினர் வீடுகளில் வளர்ந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தவர்கள். ஒரு அரசியல் விவாத நிகழ்ச்சியின் கடைசி நாளுக்கு ஆளுநரையோ மேயரையோ கூப்பிட்டிருக்கலாம், அவர்கள் கட்டாயம் வந்திருப்பார்கள்.

அவருடைய பழைய செய்திகளை இப்போது பார்க்க முடியுமா?

முடியும். கேபிஐஎக்ஸின் பழைய செய்தி ஃபிலிம்கள் தூக்கிப் போடப்படாமல் காப்பாற்றப்பட்டு, ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் தொலைக்காட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிறைய சுருள்களை டிஜிட்டலாக்கி இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். 60-களின் கடைசியில் பெல்வா கையில் மைக்கோடு நின்று கேள்வி கேட்கிற துண்டுகள் அதில் உண்டு. சில இடங்களில் ஒலி கரகரக்கும், பரவாயில்லை, அவர் குரல் தெளிவாகவே கேட்கும்.

அந்தக் காப்பகம் இருப்பது சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில். 1951-ல் இடம் கிடைத்தும் பணம் இல்லாமல் அவர் போய்ச் சேர முடியாத அதே கல்லூரிதான்.